வீடு முழுவதற்கும் ஒரே சமையல்
காய்கறி, பழங்களை விரும்பாத குடும்பத்தை மெல்ல மெல்ல மாற்றும் வழிகள்

"காய்கறிகளையும் பழங்களையும் அதிகமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரையைக் கேளாமல் எங்கள் புறநோயாளர் பிரிவிலிருந்து வீடு திரும்புபவர் அநேகமாக எவரும் இல்லை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், மலச்சிக்கல் என நோய் எதுவாயினும் இந்த அறிவுரை பொதுவானது. அதைச் சொல்ல எங்களுக்கு அரை நிமிடம் போதும். வீட்டில் நிறைவேற்றுவதோ நாள்தோறும் மூன்று வேளை நடக்கும் போராட்டம்.

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமாக எங்களிடம் சிகிச்சை பெற்று வந்தார். ஆறு மாதங்களாக அளவுகள் குறையவில்லை. உணவைப் பற்றிக் கேட்டபோது அவருடைய மனைவி, "இவருக்குன்னு தனியா காய் வேகவெச்சு வெக்கிறேன் டாக்டர். பிள்ளைங்க காயைத் தொடவே மாட்டாங்க. அவங்களுக்கு வேற சமையல். கடைசியில இவரும் பிள்ளைங்க தட்டுல இருக்கறதைத்தான் சாப்பிடறார்" என்றார். அவர் சற்று வெட்கத்துடன், "எல்லாரும் ஒண்ணு சாப்பிடறப்ப எனக்கு மட்டும் ஆஸ்பத்திரிச் சாப்பாடுன்னா மனசு ஒப்பல டாக்டர்" என்றார்.

அவரைக் குறைகூற எங்களுக்குத் தோன்றவில்லை. உணவுப் பட்டியலை அவர் கையில் மட்டும் கொடுத்து அனுப்பியது எங்கள் பிழை. நோயாளிக்கு மட்டும் தனித்தட்டு என்ற ஏற்பாடு பெரும்பாலான வீடுகளில் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. சமைப்பவருக்கு இரட்டை வேலை, உண்பவருக்கு மனக்குறை. எனவே வீடு முழுவதற்கும் ஒரே சமையல், அதில் காய்கறிக்குக் கூடுதல் இடம் என்பதே நிலைத்து நிற்கும் வழி. அதை எப்படிச் செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

எவ்வளவு தேவை?

உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாவுச்சத்து மிக்க கிழங்குகள் நீங்கலாக, காய்களும் பழங்களுமாக நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2000 கலோரி உண்ணும் ஒருவருக்குக் கீரை உட்படக் காய்கறிகள் 400 கிராமும் பழங்கள் 100 கிராமும் தேவை என்கிறது.

தினமும் எடை போடுவது எவருக்கும் இயலாது. வாரக் கணக்கில் பாருங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 11 கிலோ காய்கறியும் 3 கிலோ பழமும் என்று இதற்குப் பொருள். சந்தைப் பையில் உருளைக்கிழங்கை நீக்கிவிட்டு எஞ்சியதைக் கூட்டிப் பார்த்தால் உங்கள் வீடு எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பற்றாக்குறை பெரிதாக இருப்பினும் மனம் தளர வேண்டாம். இந்த வாரம் ஒரு கிலோ, அடுத்த மாதம் இன்னொரு கிலோ எனக் கூட்டினால் போதும்.

இதனால் பயன் உண்டா என்ற ஐயத்துக்கு 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது. 459 பேரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வில் உப்பின் அளவை மாற்றவில்லை. காய்கறி, பழங்களுடன் கொழுப்புக் குறைந்த பால் பொருள்களையும் மிகுதியாகச் சேர்த்து, மொத்தக் கொழுப்பைக் குறைத்த உணவை எட்டு வாரங்கள் உண்டவர்களுள் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளிகள் குறைந்தது. இதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருந்துக்குத் துணையாக அடுப்படியும் வேலை செய்யும் என்பதே நாம் கொள்ள வேண்டிய செய்தி.

ஏன் மறுக்கிறார்கள்?

குழந்தைகள் காய்கறியை மறுப்பது பெரும்பாலும் பிடிவாதம் அன்று. இரண்டு முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு அஞ்சுவது வளர்ச்சியின் இயல்பான ஒரு படி. கசப்பையும் அவர்கள் பெரியவர்களைவிடக் கூர்மையாக உணர்கிறார்கள். ஒரு புதிய காயை ஏற்றுக்கொள்வதற்கு முன் எட்டு முதல் பத்து முறை, சில குழந்தைகளுக்கு அதற்கும் மேலாக, அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நாமோ மூன்றாம் நான்காம் முறையிலேயே "இவனுக்கு அவரைக்காய் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தச் சொல்லைக் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு அதையே தன் குணமாக ஏற்றுக்கொள்கிறது.

பெரியவர்களின் மறுப்புக்குக் காரணம் வேறு. குழைய வெந்து நிறம் மங்கிய பொரியலையே பலர் ஆண்டுக்கணக்கில் கண்டிருக்கிறார்கள். முட்டைக்கோசை நெடுநேரம் வேகவைத்தால் கந்தக வாடை எழும். அதைக் காயின் குணமென்று நினைத்துவிடுகிறோம். வெண்டைக்காயைக் கழுவி ஈரம் போகத் துடைக்காமல் நறுக்கினால் கொழகொழப்பு மிகும். இவை சமையலில் திருத்திக்கொள்ளக் கூடியவை.

முதியோர் "காய் வேண்டாம்" என்றால் முதலில் அவர்கள் வாயைப் பாருங்கள். ஆடும் பல், பொருந்தாத பல்செட், வாய் உலர்தல் ஆகியவை காயை மெல்வதை வேதனையாக்கும். நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் சிலருக்கு நாவில் உலோகச் சுவையை உண்டாக்கும். இத்தகையவர்களுக்குச் சுரைக்காய், பீர்க்கங்காய், வெண்பூசணி, சௌசௌ போன்ற மென்மையான காய்களின் கூட்டும் கீரை மசியலும் ஏற்றவை. பல் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. காயை முதலில் பரிமாறுங்கள். விருந்தில் வாழையிலையின் மேற்பாதியில் பொரியலும் கூட்டும் பச்சடியும் வைக்கப்பட்ட பின்னரே சோறு வருகிறது. அந்த வரிசையை அன்றாட உணவிலும் கொள்ளுங்கள். பசி மிகுந்திருக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் தட்டில் காய் மட்டும் இருந்தால் அது மிச்சமாவது குறையும். காயை முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகமும் தணிகிறது.

2. விரும்பும் உணவிலிருந்தே தொடங்குங்கள். சாம்பாரில் பருப்பின் அளவை மாற்றாமல் காயை இரு மடங்காக்கலாம். அடை மாவில் முருங்கைக்கீரையும் துருவிய சுரைக்காயும் சேர்க்கலாம். பிரியாணி செய்யும் நாளில் வெள்ளரிக்காயும் வெங்காயமும் சேர்த்த தயிர்ப்பச்சடியைப் பெரிய கிண்ணத்தில் வையுங்கள். பீர்க்கங்காய்த் தோலை எறியாமல் துவையலாக்குங்கள். ஆனால் காயை முழுவதும் மறைத்தே கொடுப்பதை வழக்கமாக்க வேண்டாம். காயின் உருவமும் பெயரும் பழகினால்தான் நாளை விடுதியிலோ உறவினர் வீட்டிலோ அதைக் கண்டு விலக மாட்டார்கள்.

3. சிறு அளவில், அடிக்கடி. குழந்தையின் தட்டில் ஒரு மேசைக்கரண்டிப் பொரியல் போதும். அதன் அருகில் அவர்கள் ஏற்கெனவே விரும்பும் ஓர் உணவும் இருக்கட்டும். என்ன உணவு, எப்போது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். உண்ணாவிட்டால் திட்டாமல் தட்டை எடுத்துவிட்டு, நான்கு நாள் கழித்து மறுபடி வையுங்கள்.

4. பேரம் பேசாதீர்கள். "பீன்ஸைத் தின்றால் ஐஸ்கிரீம்" என்று சொல்லும்போது, பீன்ஸ் தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று நாமே கற்பித்துவிடுகிறோம். உணவு மேசையில் காயைப் பற்றிய பேச்சு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

5. தந்தையும் தாத்தாவும் உண்ண வேண்டும். தட்டின் ஓரத்தில் கத்தரிக்காயை ஒதுக்கிவைக்கும் தந்தையைக் கண்டே மகனும் ஒதுக்குகிறான். வீட்டில் பெரியவர் ஒருவர் சலிப்பின்றிக் காயை உண்பதுதான் குழந்தைக்குக் கிடைக்கும் முதல் பாடம்.

6. வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வாழைத்தண்டும் வாழைப்பூவும் கீரையும் பல வீடுகளில் அரிதாகிவிட்டதற்குக் காரணம் சுவை அன்று. ஆய்வதற்கும் நறுக்குவதற்கும் ஆகும் நேரம். அந்தச் சுமை முழுவதையும் ஒருவர் மேல் வைத்துவிட்டு, "காய் செய்யவில்லையா?" என்று கேட்பது நியாயமன்று. மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது வீட்டார் அனைவரும் ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவலாம். தான் உரித்த பட்டாணியைச் சுவைத்துப் பார்க்கும் ஆவல் குழந்தைக்கும் எழும்.

7. உப்பைக் கூட்டிச் சுவை தேடாதீர்கள். நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும். அப்பளமும் ஊறுகாயும் இல்லாமல் காய் இறங்காது என்ற பழக்கம் இருந்தால், எலுமிச்சைச் சாறு, மிளகு, சீரகம், வறுத்த எள்ளுப்பொடி, சிறிது தேங்காய்த்துருவல் ஆகியவற்றால் சுவையைக் கூட்டலாம்.

பழங்கள்

ஆப்பிளும் கிவியும் வாங்க இயலவில்லையே என்று வருந்துவோரை அடிக்கடி காண்கிறோம். கொய்யாவில் உள்ள வைட்டமின் சி ஆப்பிளில் உள்ளதைவிடப் பல மடங்கு. ஆரஞ்சில் உள்ளதைவிடவும் மிகுதி. பப்பாளி, நெல்லிக்காய், நாவல், வாழை ஆகியவை பருவத்தில் மலிவாகக் கிடைப்பவை. கீரை உண்ணும் வேளையில் எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்றாக ஏற்கும். உணவோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும்.

பழத்தைப் பழமாகவே உண்ணுங்கள். சாறாக்கி வடிகட்டினால் நார்ச்சத்து போய்ச் சர்க்கரை நிற்கும். நீரிழிவு உள்ளவர்கள் பழமே தொடக்கூடாது என்பது தவறான எண்ணம். ஒரு நடுத்தரக் கொய்யா அல்லது ஒரு கிண்ணம் பப்பாளியை இரு உணவுகளுக்கு இடையே உண்ணலாம். மாம்பழம், பலா ஆகியவற்றில் ஓரிரு துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிஸ்கட் டப்பா இருக்கும் இடத்தில் கழுவி நறுக்கிய பழத்தை வைத்தால், பள்ளியிலிருந்து பசியோடு வரும் பிள்ளையின் கை முதலில் அங்கேதான் செல்லும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும், கேரட்டைத் துருவியோ வேகவைத்தோ கொடுங்கள். முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும் அபாயம் உண்டு.

மருத்துவரைக் கேட்ட பின்னரே மாற்ற வேண்டியவர்கள்

மேற்கூறியவை பொதுவானவை. பின்வருவோர் உணவில் பெரிய மாற்றம் செய்யும் முன் தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும்.

சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள்: காய், பழங்களிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். இளநீர், வாழைப்பழம், கீரை, தக்காளி ஆகியவற்றின் அளவை உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே கூற முடியும். காயை நறுக்கி மிகுந்த நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். ஸ்டார் பழத்தை இவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உண்பவர்கள்: கீரைகளிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தின் செயலைக் குறைக்கும். கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரே அளவில் உண்ணுங்கள். திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

இன்சுலின் அல்லது சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள்: காயைக் கூட்டிச் சோற்றைப் பாதியாக்கினால் தாழ்சர்க்கரை ஏற்படலாம். மருந்தின் அளவை நாங்கள் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள்: பாலக்கீரை, பீட்ரூட் ஆகியவற்றின் அளவைக் கேட்டறியுங்கள்.

குழந்தை நான்கைந்து உணவுகளைத் தவிர வேறெதையும் ஏற்காமல் எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, அதைச் செல்லம் என்று ஒதுக்காமல் அழைத்து வாருங்கள்.

முடிவாக

தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்தக் குடும்பத்தை அடுத்த முறை மனைவி, மக்களுடன் வரச்சொன்னோம். தனிச்சமையலை நிறுத்தி, மதியமும் இரவும் எல்லோருக்கும் ஒரே கூட்டு, ஒரே பொரியல் என முடிவாயிற்று. முதல் மாதம் பிள்ளைகள் முணுமுணுத்தார்களாம். மூன்று மாதம் கழித்து வந்தபோது மகன் இன்னும் பாகற்காயைத் தொடவில்லை. ஆனால் புடலங்காய்க் கூட்டு இரண்டாம் முறை கேட்கிறான் என்றார் தாய். தந்தையின் சர்க்கரை அளவு மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. மருந்து எதுவும் குறையவில்லை, கூட்டவும் தேவைப்படவில்லை. "இப்ப தனித்தட்டு இல்ல டாக்டர்" என்று அவர் சொன்னபோது, இரத்தப் பரிசோதனைத் தாளைவிட அதுவே எங்களுக்கு நம்பிக்கை தந்தது.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். உங்கள் வீட்டார் விரும்பும் மூன்று காய்களையும் வெறுக்கும் மூன்று காய்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். உணவுப் பட்டியலை அங்கிருந்து சேர்ந்தே தொடங்குவோம்.