விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?

வேலைக்குப் போய்க்கிட்டே, வார இறுதியில் வீட்டிலேயே கேக் செஞ்சு விற்கிறீங்கன்னு வச்சுக்குவோம். விலை 800 ரூபாய். பொருள், பெட்டி, டெலிவரி எல்லாம் சேர்த்து 550. கையில் நிற்பது 250.

இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 3,000 போட்டு 10 புது ஆர்டர் வந்தா, ஆளுக்கு 300 செலவு. ஒவ்வொரு ஆர்டருக்கும் 50 ரூபாய் உங்க சம்பளத்திலிருந்து போகுது! அதே ஆள் மறுபடி வாங்கினாதான் லாபம். நோட்டீஸுக்கு 1,500 செலவழிச்சு அதே 10 ஆர்டர் வந்தா, ஆளுக்கு 150தான்.

அதனால முதல்ல இலவச வழிகள்: கூகுள் பிசினஸ் புரொஃபைல், வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக். அப்புறம் சின்னத் தொகையில் மற்றதைச் சோதிங்க. வர்றவங்ககிட்ட "எங்களை எப்படித் தெரியும்?"னு கேட்டு எழுதி வைங்க. எந்த வழியில் செலவு 250-க்குள்ள அடங்குதோ, அதுக்கு மட்டும் பணத்தைக் கூட்டுங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க!