சுவடி எண் என்ன?

மாதம் ஒருமுறையாவது அந்த வாட்ஸப் செய்தி வந்துவிடுகிறது. பசு மடிக் கொப்புளத்தின் நீரை எடுத்துக் கையில் குத்திப் பெரியம்மையைத் தடுக்கும் முறையைத் தன்வந்திரி அன்றே சமஸ்கிருதத்தில் எழுதிவைத்தாராம், வெள்ளைக்காரன் திருடிக்கொண்டானாம். சுவடி படிப்பவன் என்பதால், "உண்மையா சார்?" என்று என்னிடம் கேள்வி வேறு.

பொய். அதுவும் வெள்ளைக்காரன் நீரூற்றி வளர்த்த பொய். சென்னையில் அம்மை குத்தத் தொடங்கியபோது ஜனங்கள் கை நீட்டத் தயங்கினார்கள். இங்கே அதிகாரியாக இருந்த எல்லிஸ், ஆம், திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ், பசுவைச் சொன்னால் பிராமணர்கள் இணங்குவார்கள் என்று கணக்குப் போட்டார். தானே சமஸ்கிருதச் செய்யுள் இயற்றி, பழைய தாளில் எழுதி, எங்கோ கிடைத்ததாகச் சொல்லவைத்தார். 1819இல் மெட்ராஸ் கூரியர் பத்திரிகையில் தன்வந்திரி பெயரில் ஒரு மேற்கோள் அச்சேறியது. அது அப்படியே ஐரோப்பிய மருத்துவ நூல்களுக்கும் போனது. ஆய்வாளர் டொமினிக் வூயஸ்டிக் 1987இலேயே இந்தக் குட்டை உடைத்துவிட்டார். பழைய ஆயுர்வேத நூல்களான சரகத்தில் தேடுங்கள், சுஸ்ருதத்தில் தேடுங்கள். அப்படி ஒரு வரி கிடையாது.

வங்காளத்தில் டீக்காதார்கள் எனப்பட்டவர்கள் முன்பே அம்மை குத்தியது மெய். 1767இல் ஹால்வெல் அதை விவரித்திருக்கிறார். ஆனால் அவர்கள் குத்தியது மனித அம்மையின் சீழ். குத்திக்கொண்டவர் பக்கத்து வீட்டுக்கும் நோயைக் கொடுக்கலாம். பசு அம்மையில் அந்த ஆபத்து இல்லை. 1796இல் பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எட்டு வயதுப் பையனுக்கு ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் குத்தியது அதைத்தான். அவருக்கு முன்னோடி வேண்டுமென்றால் இங்கிலாந்திலேயே இருக்கிறார்: 1774இல் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் ஊசியால் கீறிய ஜெஸ்டி என்ற விவசாயி.

'பெரியம்மை தடுப்பூசியால் அல்ல, சுத்தத்தால்தான் ஒழிந்தது' என்றும் சிலர் சொல்வார்கள். 1974இல் பீகார் பெரியம்மையில் தத்தளித்தது; 1975 மே மாதத்தோடு இந்தியாவிலேயே அது முடிந்தது. ஒரே வருஷத்தில் பீகாரின் சாக்கடையெல்லாம் மூடிவிட்டார்களா? 'இன்னும் அம்மை வருகிறதே' என்றால், அது சின்னம்மை, வேறு கிருமி.

நிஜமான சுவடிகள் பரணில் செல்லரித்துக்கொண்டிருக்க, இல்லாத சுவடிக்கு இத்தனை பெருமை! உங்கள் வீட்டில் ஏடு இருந்தால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்குத் தந்துவிடுங்கள். தன்வந்திரி செய்தி அடுத்த முறை வந்தால், அனுப்பியவரிடம் சுவடி எண்ணைக் கேளுங்கள். கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.