வினாடிக்கு எத்தனை பிரேம்? – அசைவைப் படமெடுக்கும் முறை

பெங்களூர் நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள அல்சூர் ஏரி ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புடையது. சிறு தீவுகள் சிலவற்றைத் தன்னகத்தே கொண்டது. கன்னடத்தில் ஹலசூரு என்று வழங்கும் இப்பகுதியில் தமிழ் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். 2009-ம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை ஏரிக்கு அருகிலேயே உள்ளது. இந்நீர்நிலையில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் இரை தேடுவதைக் காணலாம். கரையோரப் புற்களின்மேல் தும்பிகள் பறந்து திரியும்.

2016-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்த ஏரியின் மீன்கள் பெருந்தொகையாக மடிந்து மிதந்தன. கழிவு நீர் கலந்து, நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைந்தால் மீன்கள் இவ்வாறு மடியும். மடிவதற்கு முன்னர் அவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடித் திணறும். செவுள் மூடிகள் விரைந்து அசையும். இவ்வடையாளத்தை உரிய காலத்தில் கண்டு பதிவு செய்யும் களப்பணியாளர் பெரும் சேதத்தைத் தடுக்க உதவலாம். இன்று கைபேசியிலேயே வீடியோப் படம் எடுக்க முடிவதால், அத்தகைய பதிவு எவருக்கும் எளிதாகியுள்ளது.

ஆனால் படம் எடுப்பது வேறு. அப்படத்திலிருந்து அளவு காண்பது வேறு. ஏரிக்கரையில் ஒரே கருவியை ஒரே அமைப்பில் வைத்து, திணறும் மீன், பறக்க எழும் நீர்க்காகம், புல்மேல் நிற்கும் தும்பி ஆகிய மூன்றையும் படமெடுத்தால், முதற்படம் சரியான கணக்கைத் தரும். இரண்டாவது குறையான கணக்கைத் தரும். மூன்றாவது பொய்க் கணக்கையே தந்துவிடும். காரணம், வினாடிக்கு எத்தனை பிரேம் என்பதை அசைவின் தன்மையறிந்து தேர்ந்தெடுக்காமையே. அத்தேர்வின் முறை இங்கு விளக்கப்படுகிறது.

அசையும் படமும் நிலைப்படமும்

வீடியோ என்பது உண்மையில் அசையும் படமன்று. அடுத்தடுத்து எடுக்கப்பட்ட நிலைப்படங்களின் வரிசையே அது. ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு பிரேம் எனப்படும். பிரேம்கள் தக்க வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படும்போது, கண்ணும் மூளையும் அவற்றை இணைத்துத் தொடர்ச்சியான அசைவாகக் கொள்கின்றன.

இம்முறையின் தொடக்கமே ஆராய்ச்சிக்காக நிகழ்ந்தது. ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒருங்கே தரையை விட்டு உயர்கின்றனவா என்ற ஐயத்தைக் கண்ணால் தீர்க்க இயலவில்லை. 1878-ம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் பல காமிராக்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படங்கள், அவை உயர்கின்றன என்று நிறுவின. 1882-ம் ஆண்டில் பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் மாரே, துப்பாக்கி வடிவில் ஒரு காமிராவை அமைத்து வினாடிக்கு 12 படங்கள் எடுத்தார். பறக்கும் கூழைக்கடாவை அவர் எடுத்த படம் புகழ் பெற்றது. அதே இனத்தைச் சார்ந்த பறவை இன்று அல்சூர் ஏரியில் மிதப்பதைக் காண்பவர், கையிலுள்ள கருவியால் மாரேயைக் காட்டிலும் இருபது மடங்கு மிகுதியான படங்களை எடுக்க இயலும்.

எடுக்கும் வேகமும் காட்டும் வேகமும்

முதலில் இரண்டு வேகங்களைப் பிரித்தறிய வேண்டும். வினாடிக்கு எத்தனை பிரேம் எடுக்கப்படுகிறது என்பது எடுக்கும் வேகம். வினாடிக்கு எத்தனை பிரேம் திரையில் காட்டப்படுகிறது என்பது காட்டும் வேகம். இரண்டும் சமமாக இருந்தால் நிகழ்ச்சி இயல்பான வேகத்தில் தோன்றும். எடுக்கும் வேகம் மிகுதியாயின் நிகழ்ச்சி மெதுவாகத் தோன்றும். இதுவே ஸ்லோ மோஷன் எனப்படும் மெதுவியக்கப் படம்.

திரைப்படத்துக்கு வினாடிக்கு 24 பிரேம் என்பது பேசும் படம் தோன்றிய காலத்தில் நிலைபெற்ற அளவு. இந்தியத் தொலைக்காட்சியின் அளவு 25. அமெரிக்கத் தொலைக்காட்சியின் அளவு ஏறத்தாழ 30. கைபேசிகள் பெரும்பாலும் 30 பிரேம் அளவிலேயே தொடக்கத்தில் அமைக்கப்பட்டிருக்கும்.

எடுக்கும் வேகத்தைக் காட்டும் வேகத்தால் வகுத்தால், காலம் எத்தனை மடங்கு நீட்டப்பட்டது என்பது கிடைக்கும். 240 பிரேமில் எடுத்து 30 பிரேமில் காட்டினால் காலம் 8 மடங்கு நீளும். நீர்க்காகம் வினாடிக்கு ஏறத்தாழ 5 முறை சிறகடிக்கிறது எனக் கொள்வோம். இரண்டு வினாடி நேரத்தில் அது 10 முறை சிறகடிக்கும். அப்பகுதி திரையில் 16 வினாடி ஓடும். எடுத்த வேகத்தைக் குறித்து வைக்காதவர், 16 வினாடிக்கு 10 முறை, அதாவது இரண்டு வினாடிக்கு ஏறக்குறைய ஒரு முறை என்று பதிவு செய்துவிடுவார். படம் தெளிவாக இருந்தும் அளவு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

பொய் சொல்லும் படம்

வேகம் குறைந்த படம் சில விவரங்களை விட்டுவிடும் என்பது பொதுவான கருத்து. அஃது அத்துடன் நில்லாமல், இல்லாத அசைவைக் காட்டவும் கூடும் என்பதே முக்கியமாக அறிய வேண்டியது.

வினாடிக்கு 30 முறை சிறகடிக்கும் தும்பியை எடுத்துக்கொள்க. வினாடிக்கு 30 பிரேம் எடுத்தால், ஒவ்வொரு பிரேமிலும் சிறகு ஒரே நிலையில் இருக்கும். தும்பி சிறகை அசைக்காமல் ஆகாயத்தில் நிற்பது போலத் தோன்றும். 25 பிரேம் எடுத்தால், சிறகு வினாடிக்கு 5 முறை மட்டுமே அசைவது போலத் தோன்றும். 60 பிரேம் எடுத்தால் ஒரு சிறகடிப்புக்கு இரண்டு படங்கள் கிடைக்கும். அவை மேல்நிலையையும் கீழ்நிலையையும் காட்டலாம். அல்லது இரண்டுமே நடுநிலையாக அமைந்துவிடலாம். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போலத் தோன்றுவதும் இக்காரணத்தாலேயே.

மெதுவியக்கப் படமும் இப்பிழைக்கு விலக்கன்று. தேனீ வினாடிக்கு ஏறத்தாழ 230 முறை சிறகடிக்கும். 240 பிரேமில் எடுத்தால், இரண்டின் வேறுபாடான 10 மட்டுமே படத்தில் வெளிப்படும். அதனை 8 மடங்கு நீட்டிக் காட்டும்போது, தேனீ சோம்பலாகச் சிறகசைப்பது போலத் தோன்றும். காண்பதற்கு அழகாக உள்ள அப்படம் முற்றிலும் தவறானது.

ஆகவே பின்வரும் விதியைக் கொள்ளலாம். திரும்பத் திரும்ப நிகழும் அசைவின் எண்ணிக்கையை மட்டும் அறிய, பிரேம் எண்ணிக்கை அசைவின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்கு மேற்பட வேண்டும். மும்மடங்கு இருப்பது பாதுகாப்பு. அசைவின் வடிவத்தை, அதாவது சிறகு எங்கே வளைகிறது, எங்கே விரிகிறது என்பதை அறிய, பத்து மடங்கேனும் வேண்டும்.

இவ்விதியை ஏரிக்கரையில் பொருத்திப் பார்க்கலாம். மீனின் செவுள் அசைவு வினாடிக்கு ஓரிரு முறையே ஆதலால் 25 பிரேம் தாராளமாகப் போதும். நீர்க்காகத்தின் சிறகடிப்பை எண்ண 25 பிரேம் போதும். வடிவத்தைக் காண 100 அல்லது 120 பிரேம் வேண்டும். தும்பிக்கு 240 பிரேம் எடுத்தால் ஒரு சிறகடிப்புக்கு 8 படங்கள் கிடைக்கும். எண்ணுவதற்கு அது நன்கு போதும், வடிவத்துக்கு ஓரளவே போதும். தேனீயின் சிறகடிப்பைச் சாதாரணக் கைபேசியால் அளக்க முயல்வது வீண்.

மிகுவேகக் காமிரா எதற்கு என்பதற்குப் பெங்களூரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஈக்களுக்குப் பின்சிறகுகளின் இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரு சிறு உறுப்புகள் உள்ளன. அவை பறக்கும்போது உடலின் நிலையை உணர உதவுகின்றன. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆராய்ச்சியாளர்கள், வினாடிக்கு ஏறத்தாழ நூறு முறை சிறகடிக்கும் ஓரின ஈயை மிகுவேகக் காமிராவால் ஆராய்ந்தனர். சிறகு மேலெழும்போது இவ்வுறுப்பு கீழிறங்குவதும், இவ்வொத்திசைவு மார்பின் இயந்திர இணைப்பாலேயே நிகழ்வதும் 2015-ம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவுகள். 25 பிரேமில் எடுத்த படத்தில் இவ்வுண்மை ஒருபோதும் புலப்பட்டிராது.

ஷட்டர் நேரமும் வெளிச்சமும்

ஒவ்வொரு பிரேமும் எவ்வளவு நேரம் ஒளியை ஏற்கிறது என்பது ஷட்டர் நேரம். பார்வைக்கு இயல்பாகத் தோன்ற, ஒரு பிரேமுக்குரிய நேரத்தில் பாதி ஒளியேற்பது திரைப்பட வழக்கம். 25 பிரேமுக்கு அது 1/50 வினாடி. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவை அந்நேரத்தில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படம் மங்கும். ஷட்டர் நேரத்தை 1/1000 வினாடியாகக் குறைத்தால் பறவை 1 சென்டிமீட்டரே நகரும். அளப்பதற்கு எடுக்கும் படத்தில் ஷட்டர் நேரம் குறைவாக இருத்தல் நலம்.

ஆனால் நேரம் குறையக் குறைய ஒளியும் குறையும். 1/50 வினாடிக்குப் பதில் 1/500 வினாடி எனில், கிடைப்பது பத்தில் ஒரு பங்கு ஒளியே. நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருப்பது விடியற்காலையில். மீன்கள் திணறுவதும் அப்போதே. அந்த மங்கிய வெளிச்சத்தில் மெதுவியக்கப் படம் எடுப்பவர், இருண்ட படத்தையே பெறுவார். அவருடைய கருவியின் இடமும் விரைவில் நிரம்பிவிடும். அங்கு வேண்டுவது சில வினாடி மெதுவியக்கமன்று. பத்து நிமிடத் தொடர்ச்சியான சாதாரணப் படம். தும்பியின் படத்தையோ நல்ல வெயிலில் எடுத்தல் வேண்டும்.

சில கைபேசிகள் வெளிச்சம் குறையும்போது பிரேம் எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆகையால் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், ஓடும் நிறுத்தக் கடிகாரம் ஒன்றையும் படத்தின் தொடக்கத்தில் சேர்த்து எடுப்பது அவசியம்.

மின்விளக்கின் துடிப்பு

வகுப்பறையில் எடுக்கும் படத்துக்கு இன்னுமோர் இடையூறு உண்டு. இந்தியாவில் மாறு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுக்களை உடையது. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கின் ஒளி இரு முறை ஏறி இறங்குவதால், வினாடிக்கு 100 துடிப்புகள் உண்டாகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இத்துடிப்பு காமிராவுக்குப் புலப்படும். ஷட்டர் நேரம் 1/100 அல்லது 1/50 வினாடியாக இருந்தால், ஒவ்வொரு பிரேமும் முழுத் துடிப்புகளையே ஏற்கும். படம் சீராக இருக்கும். 1/60 வினாடி என்பது அமெரிக்க மின்னோட்டத்துக்கு ஏற்றது. இங்கு அது படத்தில் மினுக்கலையும் கோடுகளையும் உண்டாக்கும். இந்நாட்டில் 25, 50 என்ற பிரேம் அளவுகள் பொருந்துவதற்குக் காரணம் இதுவே.

மெதுவியக்கத்தில் இத்துடிப்பை மறைப்பது கடினம். எனவே சன்னலோரத்தில் பகல் ஒளியைப் பயன்படுத்துவது சிறந்தது. ஆயினும் இதே இடையூற்றை ஒரு பயனாகவும் கொள்ளலாம். பழைய வகைக் குழல் விளக்கு ஒன்றை 240 பிரேமில் படமெடுத்து, பிரேம் பிரேமாக நகர்த்தி எண்ணினால், 24 பிரேம்களில் 10 துடிப்புகள் காணப்படவேண்டும். அவ்வாறு காணப்பட்டால் கருவியின் பிரேம் கணக்கு சரியே. தேர்வுக்குரிய கடிகாரம் ஒவ்வொரு பள்ளியின் கூரையிலும் தொங்குகிறது.

வகுப்பில் ஒரு சோதனை

சுவரில் மீட்டர் அளவுகோலை நிறுத்தி, 1.25 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்தை விடுக. அது தரையை அடைய அரை வினாடிக்குச் சற்று மிகுதியாகும். 25 பிரேமில் ஏறத்தாழ 12 படங்களே கிடைக்கும். தரையை நெருங்கும்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பந்து 20 சென்டிமீட்டர் அளவு கடந்துவிடும். 240 பிரேமில் 120 படங்கள் வரை கிடைக்கும். இடைவெளி 2 சென்டிமீட்டராகும். இரு படங்களிலிருந்தும் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு ஒப்பிடச் செய்தால், பிரேம் எண்ணிக்கையின் பயனை மாணவர் தாமே உணர்வர்.

பதிவேட்டில் குறிக்க வேண்டியவை

1. எடுத்த வேகம், காட்டும் வேகம் ஆகிய இரண்டும்.
2. ஷட்டர் நேரம், வெளிச்சம் வெயிலா, விளக்கா என்பது.
3. நாள், நேரம், இடம்.
4. படத்தில் சேர்க்கப்பட்ட அளவுகோல், கடிகாரம் ஆகியவற்றின் விவரம்.
5. அசைவை எண்ணுவதற்கா, வடிவம் காண்பதற்கா எடுக்கப்பட்டது என்பது.

பயிற்சி வினாக்கள்

1. 120 பிரேமில் எடுத்த படம் 24 பிரேமில் காட்டப்படுகிறது. திரையில் 20 வினாடி ஓடும் பகுதி உண்மையில் எத்தனை வினாடி? (விடை: 4)
2. வினாடிக்கு 28 முறை சிறகடிக்கும் பூச்சியை 25 பிரேமில் எடுத்தால் எத்தனை முறையாகத் தோன்றும்? (விடை: 3)
3. வினாடிக்கு 12 முறை சிறகடிக்கும் பறவையின் சிறகு வடிவத்தை அறியக் குறைந்தது எத்தனை பிரேம் வேண்டும்? (விடை: 120)

கருவியின் வேகம் மிகுதியாக இருப்பது மட்டும் படத்தைச் சிறப்பிப்பதில்லை. முதலில் அசைவை அறிந்து, அதன் பின்னரே பிரேமைத் தேர்தல் வேண்டும். திணறும் மீனுக்கு 25 பிரேமும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். தும்பிக்கு 240 பிரேமும் நல்ல வெயிலும் வேண்டும். மாறாகச் செய்தால் இரண்டு செய்தியும் தவறிவிடும். ஒரு முறை தவறாக எடுத்த அசைவைப் பின்னர் எக்கருவியாலும் மீட்க இயலாது.