அடித்தளம் பலமானால்...

மங்களூர் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழில்நுட்பம் படிக்க வரும் நமக்கு ஒரு சின்னக் கணக்கு. சூளையில் 10 சதவீதம் சுருங்கும் களிமண்ணில், சுட்டபின் 100 மி.மீ. ஓடு வேண்டும். அச்சின் அளவு என்ன?

"110 தானே!" என்போம். 110-ல் 10 சதவீதம் 11. போனால் மிச்சம் 99. ஓடு குட்டை! 100-ஐ 0.9-ஆல் வகுங்கள்: 111.1. அதுதான் விடை. இங்கே காலை வாருவது பீங்கான் பாடம் அல்ல, பள்ளிக்கூடச் சதவீதம்தான்.

1995-ல் புதுவையிலும் 1996-ல் சென்னையிலும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள், தொழிலோடு வாழ்க்கைத் திறன்களையும் பாடமாகவே வைத்தன. நமக்கும் முதலாண்டில், மாலை ஒரு மணி நேரம், அடிப்படைக் கணக்கும் ஆங்கிலமும் வேண்டும். சீனியர் சொல்லித் தரட்டும். ஜூனியர் கூச்சப்படாம கேட்கட்டும். அரியர் விழுந்த பிறகு அழுவதைவிட அது மேல் அல்லவா?