முற்றம் என்னும் முதற்பள்ளி

குழந்தைக்கு உண்மை பேசக் கற்பிப்பது எப்படி? 'பொய் சொல்லாதே' என்று நாள்தோறும் அறிவுரை கூறலாம். நீதிக் கதைகளைச் சொல்லலாம். தவறு செய்தால் கண்டிக்கலாம். ஆயினும், உண்மையைச் சொன்னால் தனக்கு இழப்பு நேரும் என்று தெரிந்தும் அதைச் சொல்லும் துணிவு இவற்றால் மட்டும் வந்துவிடுவதில்லை. அதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கான பாடத்தை நம் முன்னோர் வீட்டு முற்றத்தில் கோடு கிழித்து வைத்திருந்தார்கள்.

பாண்டி ஆடும் ஒரு சிறுமியைப் பாருங்கள். சில்லைக் கட்டத்தில் எறிந்துவிட்டு ஒற்றைக்காலில் தாவிச் செல்கிறாள். கால்விரல் நுனி கோட்டில் பட்டதா, இல்லையா? பல வேளைகளில் அது அவள் ஒருத்திக்கே தெரியும். அங்கே நடுவர் கிடையாது. 'பட்டுவிட்டது' என்று அவளே சொல்லி, அடுத்தவளுக்கு வழிவிட வேண்டும். சொல்லாமல் தொடர்ந்தால் அதற்குப் பெயர் 'அழுகுணி ஆட்டம்'. அப்படி ஆடுபவளைச் சேர்த்துக்கொள்ள மறுநாள் தோழிகள் தயங்குவார்கள். ஒரு மாலைப் பொழுதிலேயே அவளுடைய வாய்மை பலமுறை சோதிக்கப்படுகிறது. எந்த வகுப்பறையில் இது நடக்கும்?

மலையேறி வந்த ஆட்டங்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், பீருமேடு வட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் சாலையில் அமைந்த தோட்டப் பகுதி ஏலப்பாறை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் இம்மலைகளில் முதலில் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்டனர். அப்போது தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து உழைக்கும் மக்கள் மலையேறி வந்தார்கள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பீருமேடு கேரளத்தில் சேர்ந்தது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கின்றனர்.

மலையேறியவர்கள் மூட்டையில் கட்டி வந்த பொருள்கள் சிலவே. ஆனால், விளையாட்டுகளுக்குச் சுமைகூலி கிடையாது. அவை மனிதர்களோடு தாமே நடந்து வந்தன. வந்த இடத்தில் அவற்றுக்கு உறவினரும் இருந்தனர். தமிழ்ப் பிள்ளைகளின் கிட்டிப்புள்ளை மலையாளப் பிள்ளைகள் 'குட்டியும் கோலும்' என்றார்கள். பாண்டி அவர்களுக்குக் 'கக்குகளி'. கிளித்தட்டோ இரு மொழியிலும் கிளித்தட்டுதான். இன்று ஜார்க்கண்ட், அஸ்ஸாம் போன்ற மாநிலங்களிலிருந்தும் இடுக்கித் தோட்டங்களுக்குக் குடும்பங்கள் வேலைக்கு வருகின்றன. கிட்டிப்புள்ளின் வடநாட்டுப் பெயர் 'கில்லி தண்டா'. மொழி தெரியாத ஊருக்கு வந்து சேர்ந்த குழந்தை, முதல் நாளிலேயே தோழமை பெறும் இடம் விளையாட்டுக் களமே.

வெறிச்சோடும் முற்றம்

இந்தச் செல்வம் இன்று கைநழுவும் நிலையில் உள்ளது. தேயிலைச் சரிவில் சமதரை அரிது. லயத்தின் முன்னுள்ள குறுகிய முற்றமே குழந்தைகளின் மைதானம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அதையும் பறித்துக்கொள்கிறது. தாயோ காலையில் கொழுந்து பறிக்கச் சென்றால் மாலையில்தான் திரும்புகிறார். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீருமேடு வட்டத்தில் சில தோட்டங்கள் மூடப்பட்டன. பெற்றோர் தொலைவிலுள்ள வேலைகளைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. பள்ளியிலிருந்து ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பும் குழந்தைக்குக் கைப்பேசியே துணையாகிறது. கைப்பேசியில் தோற்றால், மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடலாம். அங்கே முகம் வாடிய எதிராளியும் இல்லை. தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ள வேண்டிய தருணமும் இல்லை.

தோட்டங்களில் குழந்தைகள் காப்பகத்துக்கும் தொழிலாளர்களின் பொழுதுபோக்கு வசதிக்கும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இடமளித்திருந்தது. குழந்தையின் விளையாடும் உரிமையை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தனது 31ஆம் பிரிவில் ஏற்றது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. இவை போற்றத்தக்கவை. ஆயினும், சட்டம் இடத்தைத் தரலாம்; கூட ஆடும் துணையை வீட்டாரும் அண்டை அயலாருமே தர முடியும்.

ஆய்வுகள் கூறுவது

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடல் நன்கு உழைக்கும்படி இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. சீனாவின் குவாங்சோ நகரில், முதல் வகுப்புக் குழந்தைகளைப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடங்கள் திறந்தவெளியில் இருக்கச் செய்து ஆராய்ந்தனர். மூன்றாண்டுகளில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை ஏற்பட்டது. அவ்வாறு செய்யாத பள்ளிகளில் அது 39.5 விழுக்காடாக இருந்தது. இந்த முடிவு 2015இல் வெளியாயிற்று. வெயிலும் வெளியும் கண்ணுக்கும் மருந்தாகின்றன.

உள்ளத்தைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. சுவிட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் ழான் பியாஜே, குழந்தைகள் கோலிக்குண்டு ஆடுவதைக் கூர்ந்து நோக்கி, அவர்களின் அறவுணர்வு வளர்வதைப் பற்றி 1932இல் ஒரு நூல் வெளியிட்டார். சிறு குழந்தைகள் ஆட்டவிதிகளைப் பெரியவர்கள் வகுத்த, மாற்றவே கூடாத கட்டளைகளாகக் கருதுகின்றனர். சுமார் பத்து வயதுக்குப் பின்னரோ, 'விதி நாம் கூடி ஒப்புக்கொண்டது. எல்லோரும் இசைந்தால் மாற்றலாம். ஒப்புக்கொண்டபின் மீறக்கூடாது' என்ற தெளிவு பிறக்கிறது. அச்சத்தால் பணிவதிலிருந்து, உணர்ந்து நடப்பதற்கு உயரும் படி இது. ஒத்த வயதினரோடு ஆடி, வாதாடி, இணங்கித்தான் குழந்தை இப்படியில் ஏறுகிறது.

பெரியவர் நிற்கும் இடம்

அப்படியானால் பெரியவருக்கு அங்கே என்ன வேலை? இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, இறங்கி ஆடுவது. பணி ஓய்வு பெற்று லயத்தில் இருக்கும் பாட்டிக்குப் பாண்டிக் கட்டங்கள் இன்னும் நினைவிருக்கும். கிளித்தட்டில் குறுக்குக் கோடுகளைக் காப்பவர் யார், நடுக்கோட்டில் ஓடும் 'கிளி' யார் என்பது தாத்தாவுக்குத் தெரியும். இவற்றைச் சொல்லி விளக்குவதைவிட ஆடிக் காட்டுவது எளிது. ஆடும் பெரியவர், 'என் கால் கோட்டில் பட்டுவிட்டது. நான் அவுட்' என்று சிரித்துக்கொண்டே விலகும் அந்த ஒரு நொடி, நூறு அறிவுரைகளுக்கு ஈடாகும். குழந்தை மகிழட்டும் என்று பொய்யாகத் தோற்பதும் தேவையில்லை. அதுவும் ஒருவகை அழுகுணி ஆட்டமே.

இரண்டாவது, உரிய நேரத்தில் விலகுவது. பிள்ளைகள் 'காய்' விட்டுப் பிரிவார்கள். சிறிது நேரத்தில் தாமே 'பழம்' விட்டுச் சேர்வார்கள். ஒவ்வொரு பூசலிலும் பெரியவர் புகுந்து தீர்ப்பு வழங்கினால், இணங்கிப் போகும் ஆற்றல் அவர்களிடம் வளராது. அடிதடியும் ஆபத்தும் இல்லாதவரை காத்திருப்பதே அன்பு.

பிள்ளைகளிடமிருந்து பெரியவர்கள் கற்க வேண்டிய மரபும் ஒன்று உண்டு. ஆட்டம் அறியாத சின்னஞ்சிறு தம்பியை அவர்கள் துரத்துவதில்லை. 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அவன் ஓடலாம், தொடலாம். அவனுக்கு அவுட் இல்லை. அந்தச் சொல் பழையது, சற்றுக் கரடுமுரடானது. ஆனால், வலியவரின் உலகில் எளியவருக்கும் இடமுண்டு என்ற அதன் கருத்து அருமையானது.

நடைமுறைக்குச் சில குறிப்புகள்

1. ஞாயிற்றுக்கிழமைகளிலேனும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்நேரத்தில் பெரியவர்களின் கைப்பேசியும் வீட்டுக்குள் இருக்கட்டும்.

2. இடத்துக்கேற்ற ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். குறுகிய முற்றத்துக்குப் பாண்டியும் கோலியும் போதும். ஏழாங்கல்லுக்கும் கிளித்தட்டுக்கும் சற்று விரிந்த சமதரை வேண்டும்.

3. கிட்டிப்புள்ளில் கூர்மையான புள் கண்ணைத் தாக்கக்கூடும். அடிப்பவருக்கு எதிரே சிறு குழந்தைகளை நிறுத்தாதீர்கள். திறந்தவெளியில் மட்டும் ஆடுங்கள்.

4. மருந்து தெளித்த தேயிலைச் செடிகளுக்குள் பந்தைத் தேடிக் குழந்தைகளை அனுப்பாதீர்கள். காட்டு விலங்குகள் நடமாடும் பகுதிகளில் இருட்டுமுன் ஆட்டத்தை முடித்துவிடுங்கள்.

5. மழைநாள்களில் திண்ணையில் பல்லாங்குழியும் ஐந்தாங்கல்லும் ஆடலாம். வாய்மையும் முறைகாத்தலும் அங்கும் பாடமாகும்.

6. பக்கத்து வீட்டுக் குழந்தை எந்த மொழி பேசினாலும் அழைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டிக் கோடு அடுத்த மழையில் அழிந்துவிடும். ஆனால், யாரும் பார்க்காதபோதும் 'பட்டுவிட்டது' என்று சொல்லிப் பழகிய நாவு, வளர்ந்தபின் கணக்கு எழுதும்போதும் சாட்சி சொல்லும்போதும் எளிதில் தடுமாறாது. கோடு கிழிக்க ஒரு சிறு குச்சி போதும். இன்று மாலை அதை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கும் பெரியவர் ஒருவர்தான் வேண்டும்.