பகைவனுக்கும் இடம் தந்த பன்னிருகையான்!

திருச்செந்தூர் கடற்கரை. ஐப்பசி சஷ்டி மாலை. சூரசம்ஹாரம் காண மணலில் காத்திருந்தோம். பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவர் மெள்ளப் பேச்சுக் கொடுத்தார்.

''சூரனையே மயிலாக்கி ஏறிக்கிட்ட சாமி இது. நம்மளால அப்படி முடியுமாம்மா? கொழுந்தனார் வீட்டோட பேச்சு நின்னு எட்டு வருஷமாச்சு. எல்லாம் ஒரு வரப்புத் தகராறுதான். தை மாசம் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்கலாமா, வேண்டாமான்னு தெரியலை...''

நம்மில் பலர் வீட்டிலும் இந்தக் கேள்வி உண்டுதானே? பகைவரை நண்பராக்க முயல்வதில் பலன் இருக்கிறதா?

கந்தபுராணத்தைப் பாருங்கள். முருகப் பெருமான் எடுத்த எடுப்பிலேயே வேலாயுதத்தை ஏவவில்லை. முதலில் வீரபாகுவைத் தூது அனுப்பி, சிறையிலிருக்கும் தேவர்களை விடுவிக்கச் சொன்னார். சூரபத்மன் மறுத்தான். பிறகு, போர்க்களத்தில் விஸ்வரூபம் காட்டினார். சூரனின் மனம் இளகியது. ஆனால், மறுபடியும் ஆணவம் தலைதூக்கியது. கடைசியில், மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு கூறு மயில். மறு கூறு சேவல். ஒன்று வாகனமானது, மற்றொன்று கொடியில் ஏறியது. அழிந்தது ஆணவம்தான், சூரன் அல்ல!

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தேவர்களைச் சிறையில் விட்டுவிட்டு முருகன் சமாதானம் பேசவில்லை. அநியாயத்துக்குத் தலையாட்டுவது நட்பாகாது.

சரி, எல்லாப் பகைவரும் மயிலாகிவிடுவார்களா? திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு வேறு விதம். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன், சிவனடியார் வேடத்தில் வந்தான். சுவடிக்கட்டில் மறைத்திருந்த கத்தியால் குத்தினான். நாயனாரோ, அவனுக்குத் தீங்கு நேராமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடும்படி காவலன் தத்தனைப் பணித்தார். தத்தன் திரும்பி வந்து சொல்லும் வரை உயிரைத் தாங்கியிருந்தார். முத்தநாதன் நண்பனானதாக வரலாறு சொல்லவில்லை. ஆனால், நாயனாருக்கு ஈசனின் காட்சி கிடைத்தது.

வள்ளுவரும் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறார். 'பகைத்திறம் தெரிதல்' அதிகாரத்தில், பகையை நட்பாக்கிக் கொள்பவரின் பண்பைப் போற்றுகிறார். 'கூடா நட்பு' அதிகாரத்திலோ, கும்பிடும் கைக்குள்ளும் ஆயுதம் இருக்கலாம் என்று எச்சரிக்கிறார்.

ஆக, முயற்சி நம் கையில். பலன் நம் கையில் இல்லை. நேசக்கரம் நீட்டுவது வேறு. கண்ணை மூடிக்கொண்டு நம்புவது வேறு. நிலத்தை அளந்து கல் நட வேண்டுமென்றால் நடுங்கள். நெஞ்சுக்குள் கல் நட வேண்டாம்.

பெரியம்மாவிடம் இதைத்தான் சொன்னேன்: ''நீங்களே நேரில் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வாங்கம்மா. வருவதும் வராததும் அவங்க பாடு.''

அவர் பதில் சொல்லவில்லை. அதற்குள் மாமரமாக நின்ற சூரன் வீழ்ந்தான். 'அரோகரா' முழக்கம் அலையோசையை மீறியது. சேவல் தென்பட்டதும் பெரியம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினார்.

''நாளைக்கே போறேன்மா!''