நீடித்து உழைக்கும் குழந்தை ஆடைகள்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது பழமொழி. வளரும் குழந்தைக்கோ இன்று தைத்த பாவாடை அடுத்த ஆண்டு கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுகிறது. "எப்படியும் சின்னதாகிவிடும், மலிவானதையே வாங்குவோம்" என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரிதானா என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஆராய்ந்து பார்த்தோம்.

எங்கள் வீடுகளில் தம்பி தங்கையர் கழித்துப்போட்ட உடுப்புகளை வகுப்புக்குக் கொண்டுவந்து மேசைமீது பரப்பினோம். அப்போது ஓர் உண்மை விளங்கிற்று. பெரும்பாலானவற்றில் துணி நைந்திருக்கவில்லை. அக்குளில் தையல் விட்டிருந்தது, ஜிப் பழுதாகியிருந்தது, அல்லது நீளம் போதவில்லை. ஆகவே, ஆடை வாங்குவோர் வெளிப் பளபளப்பில் மயங்காமல் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும்.

பார்க்க வேண்டியவை யாவை? துணியை வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு நெருக்கமாகத் தெரிய வேண்டும். ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்தால் சாயம் ஒட்டக்கூடாது. தையலை இரு புறமும் மெல்ல இழுத்தால் இடைவெளி விழக்கூடாது. எங்கள் வத்தலக்குண்டு வெயிலுக்கு வியர்வையை உறிஞ்சும் பருத்தியே இதமானது. டெரிகாட்டன் கலப்புத் துணி அதிகம் சுருங்காது, விரைவில் உலரும். எனவே சீருடைக்கு உதவும்.

தைக்கக் கொடுப்பதாயின், பருத்தித் துணியை முதலில் நனைத்து உலர்த்திக் கொள்ள வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். பிறகு, "உள்ளே துணி விட்டுத் தையுங்கள், பாவாடைக்கு டக் பிடியுங்கள்" என்று தையற்காரரிடம் சொல்ல வேண்டும். இது நம் பாட்டிமார் அறிந்த பழைய வழி. பிள்ளை வளர வளர டக்கைப் பிரித்துவிட்டால் ஒரே பாவாடை இரண்டு, மூன்று ஆண்டுகள் வரும்.

நம் மாவட்டத்துச் சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்றது. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் நனைத்தால், முடிச்சிட்ட இடமெல்லாம் புள்ளியாக மலரும். அச்சேலையை அம்மா பல்லாண்டு உடுத்துவார். பின்னர் அது தம்பிக்குத் தூளியாகும். அதன்பின் தங்கைக்குப் பாவாடையாகும். கடைசியில் கரித்துணியாக அடுப்படிக்கு வரும். ஒரு துணி எத்தனை பேருக்கு உழைக்கிறது, பாருங்கள்!

இதில் காசு மட்டும் மிச்சமாவதில்லை. ஒரு பருத்திச் சட்டை உருவாக, பருத்தி விளைவிப்பது முதல் சாயமேற்றுவது வரை, உலகச் சராசரியில் ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. திருப்பூரில் சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால், 2011இல் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. பாலியெஸ்டரோ பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுவது. துவைக்குந்தோறும் அதிலிருந்து உதிரும் நுண்ணிழைகள் எளிதில் மக்குவதில்லை. ஓர் உடுப்பை இரண்டு பிள்ளைகள் உடுத்தினால் இன்னோர் உடுப்புக்கான தண்ணீர் மிச்சமாகும்.

இங்கே எங்கள் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுள் ஒருத்தி ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அக்காவின் சீருடையை அணிந்து வந்தாள். மடிப்பைப் பிரித்த இடத்தில் துணி மட்டும் நீலம் மங்காமல் கோடாகத் தெரிந்தது. அதைக் காட்டி நாங்கள் சிரித்தோம். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அந்தக் கோடு அவள் அக்காவின் பொறுப்புக்கும் அம்மாவின் சிக்கனத்துக்கும் சாட்சி என்பது அன்று எங்களுக்குத் தெரியவில்லை. இந்தப் பாடத்தின்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "அந்தப் பாவாடையை இப்போது என் தங்கை போடுகிறாள்" என்று அவள் சிரித்தாள்.

பெற்றோர்களே, நல்ல துணியைப் பார்த்து வாங்குங்கள். தங்கைகளே, பொத்தான் தைக்கவும் கிழிசலை இழையோட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். அக்காவின் உடுப்பை அணியக் கூசாதீர்கள். இவ்வாண்டு தேர்வு முடிந்ததும் எங்கள் சீருடைகளைத் துவைத்து, தேய்த்து, விட்ட தையலைப் போட்டு, ஒன்பதாம் வகுப்புத் தங்கையருக்கு விட்டுச் செல்ல முடிவு செய்திருக்கிறோம். மடிப்புக் கோடு தெரிந்தால் யாரும் சிரிக்காதிருப்பார்களாக!